பின் சீட்டில் அத்தான்

முத்துராணி கார் ஓட்டப் பழகிய நாட்களில் அவள் கணவன் பிச்சைக்கண்ணு முன் சீட்டில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஓட்டத் தெரியாது. அவனுடைய அண்ணன் மகாராஜன், அவளுக்கு அத்தான், பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருப்பதாக விக்கிரமசிங்கபுரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

தம்பி பெண்டாட்டி பக்கத்தில் அண்ணன்காரன் எப்படி உட்காருவான்? உட்காருவது இருக்கட்டும், முகத்தைப் பார்த்துப் பேசுவதே கிடையாது. அவள் வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் மகாராஜன் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடும்போது ரசம் வேண்டுமானால் சுவரைப் பார்த்து, "இங்கன கொஞ்சம் ரசம்" என்பார். சுவர் ஊற்றாது என்பதால் அவள் ஊற்றுவாள். இதில் கோபதாபம் எதுவும் இல்லை, மரியாதைதான். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே அவளும் எழுந்து நின்றுவிடுவாள்.

ஆகவே பாடம் இப்படி நடந்தது. பின்னாலிருந்து மகாராஜன், "ஏலே, கிளச்சைப் பைய விடச் சொல்லு" என்பார். முன்னாலிருந்து பிச்சைக்கண்ணு, "ஏட்டி, கிளச்சைப் பைய விடணுமாம்" என்பான். அண்ணன் சொன்னதே அவள் காதில் தெளிவாக விழுந்திருக்கும். இருந்தாலும் புருஷன் வாயால் வரும்வரை காத்திருப்பாள். அவர் சொன்னவுடனே செய்துவிட்டால் அவர் தன்னிடம் பேசியதாக ஆகிவிடாதா என்று ஒரு கூச்சம். கொஞ்ச நாளில் அவள் காலுக்கே அது பழகிவிட்டது. முதல் குரலுக்கு அசையாது, இரண்டாவது குரலுக்குத்தான் மிதிக்கும்.

ஓட்டப் பழகும் ஆசை எங்கிருந்து வந்ததென்றால், அம்பாசமுத்திரத்தில் புதிதாகத் தொடங்கிய நர்சரிப் பள்ளிக்கூடத்து வேனில் அவள் ஆயாவாக இருந்தாள். வேன் டிரைவர் ஒரு கையில் வெற்றிலையும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக ஓட்டுகிறவன். பிள்ளைகள் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவள் மடியில் வந்து கொட்டுவார்கள். இதைவிட நாமே ஓட்டலாமே என்று அவள் விளையாட்டாகச் சொன்னதைப் பள்ளிக்கூடத்தை நடத்தும் அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் லைசென்ஸ் வாங்கி வந்தால் வேன் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேரும்வரை முத்துராணியின் கால் தரையில் பாவவில்லை. முத்துராணி, டிரைவர். சொல்லிப் பார்க்கவே நன்றாக இருந்தது.

பழகுவதற்கான எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. கார்? அதற்கு உரக்கடை காந்திமதிநாதன் அண்ணாச்சி இருந்தார். அவரிடம் ஒரு வெள்ளை மாருதி. எப்போதாவது திருநெல்வேலிக்குப் போகும்போது மகாராஜனைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்வார், மற்ற நாளெல்லாம் அது கொட்டகையில் உறங்கும். மகாராஜன் கேட்டதும், சும்மா நிற்கிற வண்டிதானே, காலையில் கடை திறக்கும்வரை எடுத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சாவியைக் கொடுத்தார். பிச்சைக்கண்ணு தகரத்தில் சிவப்பு பெயிண்டால் எல் என்று எழுதி முன்னும் பின்னும் கட்டினான். முன்னால் கட்டியது கொஞ்சம் சாய்ந்திருந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். எல்லாம் முறைப்படி செய்தாயிற்று என்று எல்லோருக்கும் நிம்மதி.

மகாராஜனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் மாஞ்சோலை மலைப்பாதையில் வருஷக்கணக்காக லாரி ஓட்டியவர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் கண்மூடி யாரும் பார்த்ததில்லை. குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது மொத்தப் பேரும் வாயைப் பிளந்து உறங்குவார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் வலது காலால் பஸ்ஸின் தரையை மிதித்துக்கொண்டே வருவார். இவர் மிதித்துத்தான் பஸ் ஊர் வந்து சேருகிறது என்று அவர் மனைவி பாக்கியவதி கேலி செய்வாள். மாருதியின் பின் சீட்டிலும் அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. தன் சீட்டுக்குப் பின்னால் 'தொம், தொம்' என்று கேட்கும்போதெல்லாம் முத்துராணிக்கு இன்னும் தனக்கு வரவில்லை என்று தெரிந்துவிடும்.

டெஸ்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது அது நடந்தது. பிச்சைக்கண்ணு மில்லில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்து காரில் ஏறியிருந்தான். பாபநாசம் போகும் சாலையில் வண்டி ஓரளவு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஆசியா உம்மாளின் காப்பிக்கடைக்குச் சற்று முன்னால், வாய்க்கால் கரையிலிருந்து ஒரு எருமைக்கன்று திடீரென்று சாலையில் ஏறி நின்றது. முத்துராணி ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். கன்று தப்பித்தது. வண்டி காப்பிக்கடையைப் பார்த்துப் போயிற்று. கடை முன்னால் ஆசியா உம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, பிரேக்கு" என்றார் மகாராஜன்.

முத்துராணியின் கால் இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தது. வரவில்லை. பிச்சைக்கண்ணு கண்ணாடியில் தலையைச் சாய்த்து அருமையாக உறங்கிக்கொண்டிருந்தான்.

"முத்துராணி, மிதி."

சீட்டுகளுக்கு நடுவில் ஒரு கை வந்து கைப் பிரேக்கைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தது. அவளும் மிதித்தாள். வண்டி சறுக்கிப் போய்ப் பந்தல்காலை முட்டி நின்றது. இடதுபக்க லைட் உடைந்தது, பம்பர் மடங்கியது, பந்தல் ஓலை சரிந்து வந்து பானெட் மேல் படுத்துக்கொண்டது. செம்புத் தண்ணீரோடு ஆசியா உம்மாள் கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு கீறல் இல்லை. பிச்சைக்கண்ணு திடுக்கிட்டு விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கடமை தவறாமல், "ஏட்டி, பிரேக்கு போடணுமாம்" என்றான்.

அந்த அமளிக்கு நடுவிலும் முத்துராணி மனதில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது. அத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே.

அண்ணனும் தம்பியும் அன்று மத்தியானத்துக்குள் புதுக்கால் நட்டுப் பந்தலைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஆசியா உம்மாள் வேலை முடியும்வரை திட்டினாள், முடிந்ததும் காப்பி கொடுத்தாள். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. தீராதது அண்ணாச்சியின் கார்தான். அவர் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போடவில்லை. அதற்குத்தானே இன்சூரன்ஸ் என்று சொல்லிவிட்டு, காகிதங்களை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் நன்றாக இல்லை. அங்கே அவரிடம் கேட்ட முதல் கேள்வியே, பழகுகிறவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ளவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதுதானாம். பின் சீட்டு என்று சொல்ல வாயெடுத்தவர், அங்கிருந்தவரின் புருவத்தைப் பார்த்து, விசாரித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டார். இனி கம்பெனி ஆளே நேரில் வந்து பார்க்கப் போகிறார்.

அண்ணாச்சி இவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து யோசனை சொன்னார். "மகாராஜன் முன்னால இருந்தாருன்னு சொல்லிருங்க. ஒரு வார்த்தைதான். அவன் பணத்தைக் குடுத்துட்டுப் போயிருவான்." இன்சூரன்ஸ் கிடைக்காவிட்டால் ரிப்பேர் தன் தலையில்தான் விழும், அதற்குப் பிறகும் வண்டியைப் பழகக் கொடுத்தால் வீட்டில் தன்னைச் சும்மா விடமாட்டார்கள் என்பதையும் வருத்தத்தோடு சொன்னார். பொல்லாத மனுஷர் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

பிச்சைக்கண்ணு உடனே தலையாட்டினான். தான் உறங்கியது அதோடு மறைந்துவிடும் என்பதில் அவனுக்கு ஏக சந்தோஷம். மகாராஜன் மட்டும் சுவரைப் பார்த்தார்.

"தம்பி பெண்டாட்டி பக்கத்துல உக்காந்து ஊர் சுத்துனேன்னு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லுதீயளா அண்ணாச்சி?"

எது இன்சூரன்ஸுக்கு ஒழுங்கோ அது தெருவுக்கு ஒழுங்கீனம். எது தெருவுக்கு ஒழுங்கோ அது இன்சூரன்ஸுக்கு ஆகாது. அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முத்துராணிக்கு அழுகை முட்டியது. பொய் சொல்வதில் அவளுக்குப் பெரிய ஆட்சேபணை ஒன்றும் இல்லை, வேனுக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள். ஆனால் இந்தப் பொய்யில் அத்தான் பெயரல்லவா கெடுகிறது? மறுபக்கம், இந்தக் கார் இல்லையென்றால் வேறு கார் தர ஆள் இல்லை. கார் இல்லையென்றால் டெஸ்ட் இல்லை. ஜூனில் அவள் மறுபடியும் வெற்றிலைக்காரனின் வேனில், மடியில் வந்து விழுகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

இன்சூரன்ஸ்காரர் சிவசண்முகம் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். கார் காப்பிக்கடை முன்னால் நிறுத்தப்பட்டிருந்தது, மடங்கிய பம்பரைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவர் குனிந்து பார்த்தார், பந்தல்காலைப் பார்த்தார், எல் போர்டின் சாய்வைக்கூடப் பார்த்தார். பிறகு, வண்டிக்குள் யார் யார் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். அண்ணாச்சி மகாராஜனைப் பார்த்தார். மகாராஜன் பந்தலைப் பார்த்தார். முத்துராணி என்ன சொல்வதென்று தெரியாமல் முந்தானையைத் திருகினாள். அதற்குள் ஆசியா உம்மாள் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டாள்.

"நான் சொல்லுதேன் சார். முன்னால இவ மாப்பிள்ளை உறங்கிக்கிட்டுக் கிடந்தான். மகாராஜன் பின்னாலதான் இருந்தாவ. தம்பி பெண்டாட்டி பக்கத்துல போய் உக்காருத ஆளா அவுக? எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்லுவேன்."

காப்பி குடிக்க வந்திருந்த மில்காரர்கள் இரண்டு மூன்று பேர், ஆமாம் சார், தங்கமான மனுஷன் சார், முன் சீட்டுப் பக்கமே போகமாட்டார் சார் என்று ஆளுக்கொரு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு நல்ல சாட்சியை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

சிவசண்முகம் பேனாவை மூடினார். பாலிசியிலேயே இருக்கிறது, மோட்டார் சட்ட விதியும் அதுதான் என்று விளக்கினார். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டலாம், வண்டி யாருடையதாக இருந்தாலும் சரி, இன்சூரன்ஸ் உண்டு. எல் போர்டு இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ளவர் கூட இருக்க வேண்டும், அவர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். இங்கே கடைசி விஷயம் இடிக்கிறது என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை என்பதை முத்துராணி கவனித்தாள்.

"அதுல முன் சீட்டுன்னு போட்டிருக்கா சார்?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான், இத்தனை ஆண்களுக்கு நடுவில் தான் பேசிவிட்டது அவளுக்கே உறைத்தது. சிவசண்முகம் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி, ஒரு தடவை தனக்குள் படித்தார்.

"முன் சீட்டுன்னு இல்லம்மா. வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியிற இடத்துல உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான் இருக்கு."

"அத்தான் நிறுத்தினாவ சார். பின்னால இருந்து கையை விட்டு நிறுத்தினாவ. இல்லைன்னா இந்த உம்மா இப்பம் சாட்சி சொல்ல நின்னுக்கிட்டு இருக்க மாட்டாவ."

சிவசண்முகம் காரைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார், மகாராஜனின் நீண்ட கையைப் பார்த்தார். அவருக்கே அதைத் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது போலிருந்தது. தன்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது, ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடலாம் என்று முத்துராணியை ஓட்டச் சொல்லி, மகாராஜனைப் பின் சீட்டில் ஏற்றி, முன் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு வாயும் அசையவில்லை. முன்பின் தெரியாத ஆபீசர் பக்கத்தில் உட்கார்ந்தால் தப்பில்லை, சொந்த அத்தான் உட்கார்ந்தால்தான் தப்பு! முத்துராணிக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

பாபநாசம் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனார்கள். சாலை காலியாக இருந்த இடத்தில் சிவசண்முகம் முன்னறிவிப்பு இல்லாமல், "நிறுத்துங்க" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் நடுவில் கை வந்தது. வண்டி குலுங்கி நின்றது. அவருடைய கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, போதும், திரும்பலாம் என்றார்.

கடை முன்னால் இறங்கியதும் மகாராஜனிடம்தான் பேசினார். "கை எட்டுது. நான் பார்த்ததை அப்படியே எழுதுறேன், ஆபீஸ்ல ஒத்துக்குவாங்கன்னுதான் நினைக்கிறேன். ஆனா உங்க கைதான் எட்டுது, வாய் எட்டலையே. நீங்க சொல்றது இன்னொரு ஆள் மூலமா அந்தம்மாவுக்குப் போய்ச் சேருறதுக்குள்ள கன்னுக்குட்டிக்குப் பதிலா ஒரு பிள்ளை நின்னா என்ன செய்வீங்க? நாளையில இருந்து முன்னால உட்காருங்க."

மகாராஜன் தலையைக் குனிந்துகொண்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முத்துராணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்படி நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பாக்கியவதி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே காரிடம் போய் முன் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறி உக்காருங்க. நான் பின்னால இருக்கேன்" என்றாள் புருஷனிடம். கொழுந்தனைப் பார்த்து, "ஏய்யா பிச்சைக்கண்ணு, நீ வீட்டுக்குப் போய்ப் பாயில உறங்கு" என்றாள்.

பெண்டாட்டியே கதவைத் திறந்துவிட்ட பிறகு தெருவுக்கு அங்கே வேலை இல்லை. மில்காரர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். ஆசியா உம்மாள் பாலை அடுப்பில் ஏற்றப் போனாள். மகாராஜன் முன் சீட்டில், கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்தார். முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

முதல் நாள் அவர் முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். "கியர் மாத்தணும்" என்பார், யாருக்கோ சொல்வது போல. அவள் உடனே மாற்றுவாள். இரண்டு நாள் போனதும் "மாத்து" என்றார். பிறகு "பிள்ள, மாத்து" என்றார். முத்துராணிக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, காட்டிக்கொள்ளவில்லை. ஒரே குரலுக்கு மிதிக்க அவள் காலும் பழகிக்கொண்டது. வண்டி வேறு வண்டியாகிவிட்டது. ஆனால் அந்த வலது கால் மட்டும் 'தொம், தொம்' என்று இப்போது பக்கத்திலேயே மிதித்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டது. அண்ணாச்சிக்குப் புது லைட்டும் புது பம்பரும் வந்தன. அவர் மகிழ்ச்சியில், டெஸ்டுக்கு முந்தின நாள் கடைக்கு விடுமுறை, வண்டியை நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மணிமுத்தாறு அணையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததே இல்லை என்று பாக்கியவதிக்கு நெடுநாள் குறை. அங்கேயே போவோம் என்று முடிவாயிற்று. பின் சீட்டில் பாக்கியவதியும் பிச்சைக்கண்ணும், மடியில் புளியோதரைத் தூக்குச்சட்டியும்.

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் பஸ்ஸுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் முத்துராணி வண்டியை நூல் பிடித்தாற்போல் கொண்டுபோனாள். ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது காற்று குளிர்ச்சியாக வந்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக வந்தது. ஏதோ ஒன்று குறைகிறதே என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வளைவு வந்தது, திரும்பினாள். இன்னொரு வளைவு வந்தது, திரும்பினாள். அப்போதுதான் புரிந்தது. 'தொம்' கேட்கவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தாள். மகாராஜன் தலையைச் சீட்டில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, உறங்கிக்கொண்டிருந்தார். வலது கால் வண்டித் தரையில் தளர்ந்து கிடந்தது.

பின்னாலிருந்து பாக்கியவதியும் அதைப் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா வேறு எதுவுமா என்று கண்ணாடியில் முத்துராணிக்குத் தெரியவில்லை. அவரை எழுப்பாமல் அப்படியே அணைவரை ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் போல ஆசையாக இருந்தது. ஆனால் அவள் பைய வேகத்தைக் குறைத்து, ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினாள்.

சத்தம் நின்றதும் மகாராஜன் விழித்துக்கொண்டார்.

"ஏன் பிள்ள நிறுத்திட்ட?"

"நீங்க உறங்கிட்டீய அத்தான். உறங்குத ஆளு வண்டியை நிறுத்த முடியாதுல்லா. இன்சூரன்ஸ் கிடைக்காது."

பிச்சைக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தான். மகாராஜன் வேட்டியைச் சரிசெய்தார், துண்டால் வாயைத் துடைத்தார், நான் எங்கே உறங்கினேன் என்று முனகிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. தன் வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பல நாளைக்கு அப்புறம், அவளை விட்டுவிட்டு முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"பிள்ளை நல்லாத்தான் ஓட்டுது" என்றார்.

முத்துராணி சாவியைத் திருப்பினாள்.